மைக்செட் ரகசியமாகக் கேட்ட கேள்வி

எங்கள் எதிர்வீட்டுக்காரருக்கு மைக்செட் என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது. நான் இந்தத் தெருவுக்குக் குடிவந்தபோதே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. நகரப் பேருந்து ஓட்டுநர். இருபத்தாறு வருடமாக இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இரைச்சலுக்கு மேலே நடத்துநரிடம் கத்திக் கத்தி, தொண்டை ஒரே அளவில் நின்றுபோய்விட்டது. கூட்டவும் வராது, குறைக்கவும் வராது. "என் சாக்ஸ் எங்க?" என்று அவர் தன் மனைவியைக் கேட்டால், எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து என் மனைவி, "மாடிக் கொடியில காயுது" என்று முணுமுணுப்பாள்.

ஆகவே இந்தக் கதை எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. பாதி தானாகக் காதில் விழுந்தது. மீதியைக் கண்ணாடிக்காரர் சொன்னார். எழுதட்டுமா என்று அவரைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க. ஆனா அவனை ரொம்ப நல்லவனா எழுதிடாதீங்க, அப்புறம் அவனைத் தாங்க முடியாது" என்றார்.

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். அடுத்த தெருவில், சலவைக்கடை மாடியில் தனியாகக் குடியிருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே அக்கா வேறு ஊரில். அவரும் மைக்செட்டும் ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நீ பேசு, நான் கேட்கிறேன் என்று அன்றைக்கே வேலையைப் பிரித்துக்கொண்டுவிட்டார்கள்.

அதனால்தான் விஷயம் வெளியே தெரிய இத்தனை நாள் ஆயிற்று. ஏற்கெனவே பேசாத மனுஷர் இன்னும் கொஞ்சம் பேச்சைக் குறைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்? மைக்செட்டுக்கு ஒரு பழக்கம், எதையும் ஊதிப் பெரிதாக்கித்தான் சொல்வார். கண்ணாடிக்காரருக்கு ஒரு பழக்கம், அதை இறக்கிவிடுவார்.

"இன்னைக்கு வண்டில நூத்தைம்பது பேருடா."

"குறை."

"நூறு."

"குறை."

"சரி, எழுபது. உனக்காக அறுபத்தெட்டு."

ஒருநாள் மைக்செட் முந்நூறு பேர் என்றார். கண்ணாடிக்காரர் "ம்" என்றார். மைக்செட் வேண்டுமென்றே ஐந்நூறு என்றார். அதற்கும் "ம்". அப்போதுதான் அவர் நிமிர்ந்து நண்பனின் முகத்தைப் பார்த்தார். தாடி வளர்ந்திருந்தது. முடி காதை மூடியிருந்தது. அடுத்தவர் கண்ணாடியில் ஒரு தூசு இருந்தால் கழற்றி வாங்கித் துடைத்துக் கொடுக்கிற மனுஷர், தன் கண்ணாடியில் விரல் ரேகை படிந்து கிடக்க, அதன் வழியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்குப் போய்ப் பத்து நாள் ஆகிவிட்டதாம்.

மைக்செட் உடனே வைத்தியத்தில் இறங்கினார். அவருக்குத் தெரிந்த வைத்தியம். முதலில், "எழுந்து நாலு ரவுண்டு நட, எல்லாம் சரியாயிடும்" என்றார். கண்ணாடிக்காரர் நாலு ரவுண்டு நடந்துவிட்டு வந்து மறுபடி படுத்துக்கொண்டார். அடுத்து, போனில் சூரிய உதயப் படங்களாக அனுப்பினார். "இன்று உங்கள் நாள்" என்று எழுதியது ஒரே காலையில் பதினேழு. பிறகு ஒரு சிரிப்புப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இடைவேளைக்குள் மைக்செட் சிரித்துச் சிரித்து இருமி, முன்வரிசைக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார். கண்ணாடிக்காரர் தூங்கிவிட்டார்.

கடைசியாக ஒரு மீன்தொட்டி. "உயிருள்ளது ஏதாவது பக்கத்துல இருந்தா மனசுக்கு நல்லதாம்" என்று ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன்களை வாங்கி வைத்தார். மூன்றாவது நாள், கண்ணாடிக்காரர் குளியலறையில் இருந்த நேரத்தில், ஒரு மீன் மேலே மிதப்பதை மைக்செட் பார்த்துவிட்டார். அவருக்கு வியர்த்துவிட்டது. மீனைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு ஓடி, அதே கடையில், அதே அளவில், அதே நிறத்தில் இன்னொன்றை வாங்கிவந்து, மூச்சிரைக்க உள்ளே விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்தார்.

கண்ணாடிக்காரர் தலை துவட்டிக்கொண்டே வந்து தொட்டியை ஒரு நொடி பார்த்தார்.

"இது வேற மீன்."

"அதே மீன்தாண்டா."

"அதுக்கு வால்ல புள்ளி இடது பக்கம். இதுக்கு வலது பக்கம்."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மைக்செட் வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொல்லி அழுதார். அவர் அழுததும் எங்களுக்குக் கேட்டது.

மைக்செட்டின் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். பொது மருத்துவமனை செவிலியர்களுக்குச் சீருடை முழுக்க அவர்தான். அளவு கொடுக்க வருகிற மூத்த செவிலி ஒருவரிடம் பேச்சுவாக்கில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அந்தம்மா சொன்னதை அன்று மாலை கணவரிடம் சொன்னார்.

"நேராக் கேக்கணுமாம். சாகணும்னு தோணுதான்னு. சுத்தி வளைக்காம."

"பைத்தியமா உனக்கு? நாமளே ஞாபகப்படுத்திவிட்ட மாதிரி ஆயிடாதா?"

"பசிக்குதான்னு கேட்டா அதனாலயா பசி வருது? இருந்தா இருக்குன்னு சொல்லப்போறாரு. இல்லாட்டி இல்ல. கேட்டா ஆபத்து வராது, கேக்காம இருந்தாத்தான் ஆபத்துன்னு அந்தம்மா சொன்னாங்க. மீன் வாங்கிக் கொடுத்தது போதும். அவர் பதில் சொல்றப்ப மட்டும் குறுக்க பேசாதீங்க."

மைக்செட் மூன்று நாள் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு வண்டி ஓட்டினார். எந்த நிறுத்தத்திலும் அதை இறக்கிவைக்க முடியவில்லை. நாலாம் நாள் அவருக்கு வார விடுப்பு. முதலில் அவனை மனுஷனாக்குவோம், பிறகு கேட்போம் என்று கண்ணாடிக்காரரைக் கையைப் பிடித்து முடிவெட்டுகிற கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

காலை பத்து மணி. ஒரு நாற்காலியில் கண்ணாடிக்காரர், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. பக்கத்து நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு ஒரு வேன்காரர், பாதி சவரம் முடிந்திருந்தது. வலப்பக்க முடியை வெட்டி முடித்துவிட்டு இடப்பக்கம் வந்தார் கடைக்காரர். அப்போது கண்ணாடிக்காரர், எதிரே தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"இதெல்லாம் எதுக்குடா. இன்னும் எத்தனை நாளைக்கு."

மைக்செட்டுக்கு இப்போதே கேட்டுவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. குனிந்து, வாயை நண்பனின் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கையால் மறைத்துக்கொண்டு, தன் வாழ்நாளிலேயே மிகச் சன்னமான குரலில் கேட்டார். கேட்டதாக அவர் இன்றும் சத்தியம் செய்கிறார்.

"தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதாடா உனக்கு?"

கத்தரி நின்றது. வேன்காரர் கண்ணைத் திறந்தார். எதிர்ச்சாரியில் கடை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தோடு திரும்பிப் பார்த்தார்.

மைக்செட்டுக்குக் காது வரை சிவந்துவிட்டது. ஆனால் கேட்டது கேட்டாயிற்று. மனைவி சொன்னது ஞாபகம் வந்து, பற்களைக் கடித்துக்கொண்டு வாயை மூடினார். கண்ணாடிக்காரரின் கண்களில் நீர் கோத்து, கன்னத்தில் ஒட்டியிருந்த வெட்டுமுடியை இழுத்துக்கொண்டு இறங்கியது.

"ஆமாடா," என்றார். "ரெண்டு மாசமா."

"ஏதாவது... யோசிச்சு வச்சிருக்கியா?"

"யோசிச்சேன். இன்னைக்குன்னு இல்ல. ஆனா எனக்கே என் மேல நம்பிக்கை இல்லடா. காரணம்னு ஒண்ணு இருந்தாலாவது பரவாயில்ல. ஒரு காரணமும் இல்ல. அதான் பயமா இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "யாராவது கேட்டுட மாட்டாங்களான்னு இருந்துச்சு" என்றார்.

கேட்டது தெருவுக்கே கேட்டுவிட்டது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

கடைக்காரர் போய்க் கதவில் தொங்கிய பலகையை "மூடப்பட்டுள்ளது" என்று திருப்பினார். வேன்காரர் நுரையோடு எழுந்து நின்று, "நான் வேணும்னா வெளிய நிக்கட்டுமா?" என்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்றார் மைக்செட். "இப்பவே. வாடா."

"நம்ம வண்டி வெளியதான் நிக்குது," என்றார் வேன்காரர்.

"ரெண்டே நிமிஷம்," என்றார் கடைக்காரர். "ஒரு பக்கமா அனுப்பினா என் பேர் கெட்டுப்போயிடும்." அவர் வெட்டியதிலேயே அது நல்ல வெட்டு என்று கண்ணாடிக்காரர் இப்போதும் சொல்கிறார்.

இப்படியாக மூன்று பேர் பொது மருத்துவமனையில் சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றார்கள். ஒருவர் பாதி முகத்தில் காய்ந்த நுரையோடு. ஒருவர் கண்கள் பிதுங்க, "மனநல டாக்டரைப் பாக்கணும், அவசரம்!" என்று கட்டடமே அதிரக் கத்திக்கொண்டு. மூன்றாமவர் புதிதாக முடி வெட்டி, அமைதியாக, மரியாதையாக.

சீட்டு எழுதுகிற பெண் அமைதியானவரைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டார்: "சார், ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சீட்டா, தனித்தனியா?"

கண்ணாடிக்காரரின் உதடு லேசாகக் கோணியது. அதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் மைக்செட் பார்த்துவிட்டார்.

படிவம் ஒன்று கொடுத்தார்கள். மைக்செட் அதை வாங்கி, கையை நீட்டிப் பிடித்தார், இன்னும் நீட்டினார், கை போதவில்லை. கண்ணாடிக்காரர் பிடுங்கித் தானே நிரப்பினார். "நோயாளிக்கு உறவு" என்ற இடத்தில் பேனா நின்றது. "என்ன போட?" என்றார். "கூடப் பொறந்தவன்னு போடு," என்றார் மைக்செட். கண்ணாடிக்காரர் "நண்பர்" என்று எழுதினார். பொய் எழுதுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். கண்ணாடிக்காரரைப் பார்த்துத்தான் கேட்டார். "தூக்கம் எப்படி இருக்கு?"

"பத்து மணிக்குப் படுத்தா அஞ்சு மணிக்குத்தான் டாக்டர், நடுவுல இடி விழுந்தாலும் தெரியாது," என்றார் மைக்செட்.

"உங்களைக் கேக்கலை. சாப்பாடு?"

"அவன் ஒண்ணுமே..."

"கொஞ்ச நேரம் வெளிய இருங்க. அவர் எங்கிட்ட தனியாப் பேசட்டும்."

மைக்செட் வெளியே வந்து, கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மனைவிக்குப் போன் செய்தார். உள்ளே டாக்டரும் கண்ணாடிக்காரரும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "உள்ள இருக்கான். ரெண்டு மாசமா இப்படி இருந்திருக்கான், நான் மீன் வாங்கிக் கொடுத்திருக்கேன். அவன் இல்லாட்டி நான் யார்கிட்ட போய்ப் பேசுவேன்? வேற எவன் கேப்பான் நான் பேசறதை?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எப்பவுமே இப்படித்தானா?"

"இப்ப ரகசியமாப் பேசறான்," என்றார் கண்ணாடிக்காரர்.

எல்லாரையும் தொந்தரவு செய்கிறோம், நம்மால் எல்லாருக்கும் சுமைதான் என்கிற எண்ணம் இரண்டு மாதமாகக் கண்ணாடிக்காரரின் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததாம். அது அன்றைக்குப் போய்விடவில்லை. ஆனால் அந்த எண்ணத்துக்கு எதிராக ஒரு சாட்சி, கதவுக்கு வெளியே, கட்டடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டது.

டாக்டர் இது மனச்சோர்வு நோய் என்றார். மருந்து உண்டு, பேச்சுச் சிகிச்சை உண்டு, நாள் பிடிக்கும். முதல் சில வாரங்கள் தனியாக விடக்கூடாது. மாத்திரையை வேறொருவர் வைத்திருந்து வேளைக்குக் கொடுக்க வேண்டும். வீட்டில் ஆபத்தானது எதுவும் கைக்கெட்டக் கூடாது. மனசு மோசமானால் யார் யாரைக் கூப்பிடுவது என்று வரிசையாக எண்களைக் கண்ணாடிக்காரரையே எழுத வைத்தார். மைக்செட், மைக்செட்டின் மனைவி, அக்கா, மருத்துவமனை அவசர எண். மைக்செட்டைப் பார்த்து, "நீங்க அவரைக் குணப்படுத்த வேண்டாம். அது எங்க வேலை. கூட இருங்க. அறிவுரை வேண்டாம். கொஞ்சம் குறைச்சுப் பேசுங்க" என்றார்.

கண்ணாடிக்காரர் எதிர்வீட்டுக்கு வந்தார். தையல் அறையில், வெட்டுமேசைக்கும் கொடியில் தொங்கும் செவிலியர் சீருடைகளுக்கும் நடுவே ஒரு கட்டில். கண் விழித்தால் தலையில்லாத பதினான்கு செவிலிகள் சுற்றி நின்று பார்க்கிற மாதிரி இருக்குமாம். அக்கா மறுநாளே வந்து, ஒரு வாரம் இருந்து, தம்பியைத் திட்டி, அழுதுவிட்டுப் போனார். மாத்திரை டப்பா தையல்காரம்மாவின் பூட்டிய அலமாரியில்.

மைக்செட் டாக்டர் சொன்னதை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டார். குறைச்சுப் பேசு என்றால் பேசாமல் இருந்துவிடுவது என்று முடிவு செய்து ஒரு சிலேட்டு வாங்கினார். தெருவே அமைதியாகிவிட்டது. கோடிவீட்டுக்காரர் என்னிடம் வந்து, "எதிர்ல ஏதாவது துக்கமா?" என்று விசாரித்தார். சிலேட்டில் மைக்செட் "காப்பி குடிக்கிரியா" என்று எழுதி நீட்டினால், கண்ணாடிக்காரர் சாக்பீசை வாங்கி "றி" என்று திருத்திக் கொடுப்பார். நாலாம் நாள் தையல்காரம்மா சிலேட்டைப் பிடுங்கிப் பரணில் போட்டார். "நீங்க எழுதறதைப் பாத்தா அண்ணனுக்கு இன்னும் நோய்தான் வரும். வாயாலயே பேசுங்க."

கண்ணாடிக்காரரிடம் அவர் அதிகம் பேசவில்லை. மூன்றாம் வாரம் ஒரு சட்டையும் நாலு பொத்தானும் கொடுத்தார்.

"கை நடுங்குதும்மா," என்றார் இவர்.

"நடுங்கட்டும் அண்ணா. பொத்தான் எங்கயும் ஓடிடாது."

ஒரு பொத்தான் தைக்க அரைமணி நேரம் ஆயிற்று. மறுநாள் அவர் தைக்கவில்லை, நாள் முழுக்கப் படுத்திருந்தார். அடுத்த நாள் மூன்று. இப்படி ஏறி இறங்கித்தான் நகர்ந்தது. ஏறுமுகம் என்று சொல்கிற மாதிரி இல்லை.

மைக்செட்டும் தேய்ந்துகொண்டிருந்தார். ஒரு சாயங்காலம், டியூட்டி முடிந்து வந்தவர், தொடாமல் வைத்த சாப்பாட்டைப் பார்த்துவிட்டு வெடித்துவிட்டார். "நாங்க இவ்வளவு பண்றோம், நீ ஒரு வாய் சாப்பிட மாட்டியா? வேணும்னே பண்றியா?" தெருவே கேட்டது. தையல்காரம்மா அவரை மாடிக்கு அனுப்பினார். பிறகு தானும் மேலே போய், "நீங்க ரெண்டு நாள் எங்க அக்கா வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன். நீங்களும் விழுந்துட்டா ரெண்டு பேரைத் தூக்க என்னால ஆகாது" என்றார். மைக்செட் கீழே வந்து கண்ணாடிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். கண்ணாடிக்காரர், "நீ கத்தினது கூடப் பரவாயில்லடா. சிலேட்டுதான் கொடுமை" என்றார்.

இரண்டரை மாதத்தில், டாக்டர் சரி என்ற பிறகு, அவர் தன் வீட்டுக்குத் திரும்பினார். கடைக்கு அரைநாள் போக ஆரம்பித்தார். எல்லாம் ஆயிற்று என்று நாங்கள் நினைத்த ஒரு புதன்கிழமை, பதினொரு மணிக்கு, பேருந்து நிலையத்தில் வண்டி கிளம்பப்போகிற சமயம் மைக்செட்டின் போன் அடித்தது.

"இன்னைக்கு ரொம்ப மோசமா இருக்குடா. நீ வா."

மைக்செட் உடனே மனைவிக்குப் போன் செய்து, "நீ ஓடு, நான் வர்றேன்" என்றுவிட்டு, நேரக்காப்பாளரின் கூண்டுக்குப் போனார். நேரக்காப்பாளர் சட்டம் பேசுகிற மனுஷர்.

"வண்டி எடுக்கிற நேரத்துல லீவா? காரணம் என்னன்னு எழுதணும்."

"சார், என் ஃப்ரெண்டுக்கு நெஞ்சு வலின்னா விடுவீங்களா இல்லையா?"

"விடுவேன்."

"இது அதைவிட மோசம். அவனே கூப்பிட்டிருக்கான் சார். அவனாக் கூப்பிட்டிருக்கான்!"

வண்டிக்குள் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. முன்சீட்டு அம்மா ஜன்னலில் தலையை நீட்டி, "போங்க தம்பி, நாங்க அடுத்த வண்டில போய்க்கறோம்" என்றார். நேரக்காப்பாளர் பேரேட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பிறகு மாற்று ஓட்டுநரைக் கூப்பிட மைக்கை எடுத்தார். "காரணம், குடும்பத்தில் அவசரம்" என்று தானே எழுதிக்கொண்டார்.

மைக்செட் போய்ச் சேர்ந்தபோது, தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு கண்ணாடிக்காரரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டாக்டரிடம் பேசியாயிற்று, இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதுவரை உடனிருக்க வேண்டும். மைக்செட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அறிவுரை வேண்டாம். குறைத்துப் பேசு. கைகளைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதைவிட அது கஷ்டம் என்றார் பின்னால்.

கடைசியில் கண்ணாடிக்காரர் போர்வையை விலக்கிப் பார்த்தார்.

"ஏண்டா இப்படி உக்காந்திருக்க? யார் செத்துட்டாங்க?"

"யாரும் இல்லடா. யாரும் இல்ல."

"அப்புறம் என்ன? ஏதாவது பேசு. நீ பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

மைக்செட் பேசினார். நேரக்காப்பாளர் கூண்டில் நடந்ததை, முன்சீட்டு அம்மா சொன்னதை, மூச்சுவிடாமல். கீழே சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர் அதைக் கேட்டுச் சிரித்தது மேலே கேட்டது. இரண்டு மணிக்கு மூவரும் டாக்டரிடம் போனார்கள். மருந்தின் அளவை மாற்றினார். "கூப்பிட்டீங்க பாருங்க, அதுதான் பெரிய விஷயம்" என்று கண்ணாடிக்காரரிடம் சொன்னார். மைக்செட்டை இந்தமுறை வெளியே அனுப்பவில்லை. அனுப்பியும் பிரயோசனம் இல்லை என்று தெரிந்திருக்கும்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மாத்திரை இன்னும் இருக்கிறது, ஆனால் குறைந்திருக்கிறது. முழுநாள் கடைக்குப் போகிறார். மோசமான நாட்கள் நடுநடுவே வருகின்றன. வந்தால் போன் செய்கிறார், இவர்கள் போகிறார்கள், பிறகு அது போய்விடுகிறது. மைக்செட்டுக்குப் படிக்கிற கண்ணாடி செய்து கொடுத்திருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டு மைக்செட் செய்தித்தாளை வாய்விட்டுப் படிக்கிறார், எங்கள் வீட்டில் தாள் வாங்குவதை நிறுத்திவிட்டோம்.

போன வாரம் என் கண்ணாடியின் காது ஒன்று உடைந்து, அவர் கடைக்குப் போனேன். குட்டித் திருப்புளியால் திருகிக்கொண்டிருந்தார். பேச்சுக்கு, "எப்படி இருக்கீங்க?" என்றேன்.

அவர் கையை நிறுத்தி, நிஜமாகவே யோசித்தார். "நேத்து சுமார். இன்னைக்குக் காலையில பரவாயில்ல. மத்தியானத்துக்கு மேல தெரியல," என்றார். பிறகு, "நீங்க?" என்றார்.

நல்லா இருக்கேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மனுஷர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். முழங்கால் வலியில் ஆரம்பித்தேன், மகன் போன் செய்யாததற்கு வந்தேன், வேலையை விட்டபிறகு காலைநேரம் நகர மாட்டேன் என்கிறது என்றேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்தவர் இரண்டுமுறை தொண்டையைச் செருமினார். கண்ணாடிக்காரர் அவரைப் பார்த்து, "கொஞ்சம் உக்காருங்க சார், இவர் முடிக்கட்டும்" என்றார்.